டோர்ட்மண்டில் ஒரு பொன்னாடை

பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே கிடையாது என்று ஜெர்மானியர்கள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வார்கள். அது அவர்களுடைய பழைய கேலி. நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். தூங்கிக்கொண்டே போனேன்.

இறங்க வேண்டியது டோர்ட்மண்டில். விமான நிலையத்திலேயே ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஸ்டெல்லா, கண்ணை மூடினே, தொலைஞ்சே" என்று எனக்கு நானே கட்டளை போட்டுவிட்டுத்தான் மூடினேன். நம் ஊர் ரயில் என்றால் ஏறின உடனே நாலு பேர் "எங்கம்மா இறங்கணும்?" என்று விசாரித்து, அந்த ஊர் வருவதற்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே உலுக்கி எழுப்பி, பையையும் இறக்கிக் கொடுத்திருப்பார்கள். இங்கே எதிர் இருக்கை அம்மாள் என் குறட்டையைக் கேட்டபடி மரியாதையாகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் தூக்கத்தில் தலையிடக் கூடாதாம். என்ன நாகரிகமோ!

பீலெஃபெல்ட் நடைமேடையில் பெட்டியோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். பெட்டி என்றால் சாதாரணப் பெட்டி இல்லை. என் கீபோர்டின் மரப்பெட்டி. எங்கள் திருச்சி மெல்லிசைக் குழுவின் பெயரை அதில் மஞ்சள் பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் வந்தாள்.

"அக்கா, நீங்கள் தமிழோ? ஏன் இப்பிடி முழிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நான் கொடுத்த எண்ணுக்குத் தன் கைபேசியில் பேசினாள். "அண்ணை, உங்கட கீபோர்ட் அக்கா இஞ்ச நிக்கிறா. ஓம், பீலெஃபெல்டில. இல்லை அண்ணை, பகிடி இல்லை." திரும்பிப் போகும் ரயிலில் என்னை ஏற்றிவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். அந்த மனிதர் டோர்ட்மண்ட் வரும்வரை என்னை ஒரு பார்சலைப் போலக் காவல் காத்தார்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். டோர்ட்மண்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் செல்வராசா அண்ணை திருச்சிக்கு உறவினர் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது என் வாசிப்பைக் கேட்டார். தங்கள் தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்கு வந்து வாசிக்க வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். டோர்ட்மண்ட் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய இசைத்தட்டு உறை ஒன்றில் அந்த ஊரோடு சேர்த்துப் படித்து, நான் கனவுபோல வைத்திருந்த ஒரு பெயரைச் சும்மா கேட்டுப் பார்த்தேன். "அண்ணே, அங்க டெல்மர் ப்ரூயிட்னு ஒரு பாடகர் இருந்தாராமே, தெரியுமா?"

"டெல்மர் அண்ணையோ? அவர் எங்கட கடைக்கு மேல்மாடியிலயெல்லே இருக்கிறார். கறித்தூள் வாங்க வாறவர்."

திருச்சியில் பாய்லர் செய்யும் தொழிற்சாலைக்கு அந்தக் காலத்தில் வந்த ஒரு ஜெர்மன் என்ஜினீயர், ஊர் திரும்பும்போது எங்கள் கோயிலில் ஆர்கன் வாசித்த அப்பாவிடம் ஒரு பெட்டி இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் டம்டம் என்று அணிவகுப்பு இசை. ஒன்றே ஒன்று டெல்மர் ப்ரூயிட். அப்பா கேட்டுவிட்டு, "இது கோயில் பாட்டு மாதிரியும் இருக்கு, கோயிலுக்கு ஆகாத மாதிரியும் இருக்கு" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டினால் விடுகிற பிள்ளையா நான்? அந்தத் தட்டைத் திருட்டுத்தனமாகக் கேட்டுக் கேட்டுத்தான் ஆர்கனை அழவைக்கக் கற்றுக்கொண்டேன். கோயிலில் கடவுளைப் பார்த்து உருகுகிற அதே உருக்கத்தோடு காதலியைப் பார்த்து உருகினால் அதற்குப் பெயர் சோல் இசை. ஆக, எனக்கு விழா ஒரு சாக்கு. அந்த மனிதர் பாடி நேரில் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை தூரம்.

மறுநாள் காலை புஷ்பம் அக்கா, அதாவது செல்வராசா அண்ணையின் மனைவி, இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். பாலும் மஞ்சளுமாக இருந்த சொதியைப் பார்த்ததும் "நல்லா சாம்பார் ஊத்துங்கக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "சாம்பாரோ? சொதியைத் தெரியாதவளை எங்கயப்பா பிடிச்சீங்கள்?" என்ற மாதிரி அண்ணையை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது தட்டு கேட்டபோதுதான் மன்னித்தார்.

கடைக்குப் போகிற வழியில் ஒரு சாலையைக் கடந்தேன். வண்டி, மனிதர், நாய், ஒன்றும் இல்லாத சாலை. நடந்துபோகிறவர்களுக்கான விளக்கு சிவப்பில் இருந்ததாம். எதிர்ப்பக்கம் நின்ற பெரியவர் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டினார். அண்ணை மொழிபெயர்த்தார்: "பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குதாம், நீங்கள் பிழையான முன்மாதிரியாம்." சுற்றிப் பார்த்தேன். ஒரு பிள்ளையும் இல்லை. திருச்சி பாலக்கரையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து வந்தவளுக்கு இப்படி ஒரு பெயர்!

கடையில் முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் நடுவில் உயரமாக, மெலிந்து, தொப்பி போட்ட ஒருவர் நின்றிருந்தார். "அண்ணை, கொச்சிக்காய்த் தூள்" என்று மிளகாய்த் தூள் கேட்டு அமெரிக்க வாயால் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். குரல் கரகரவென்று, மணலில் செருப்பைத் தேய்த்ததுபோல இருந்தது. இசைத்தட்டு உறைப் படத்தில் இருந்த அதே மூக்கு. நான் ஓடிப்போய் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். "ஐயா, நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், ஆர்கன் வாசிப்பவள், உங்கள்..."

"நான் பாடுவதில்லை" என்றார்.

"நான் கேட்கவே இல்லையே!"

"கேட்பதற்கு மூச்சை இழுத்தீர்கள். நான் பாடகன், மூச்சு இழுப்பது எதற்கென்று எனக்குத் தெரியும்." பிறகு சிரித்தார். "எப்படி வந்தீர்கள்?"

"பீலெஃபெல்ட் வழியாக."

"அப்படி ஓர் ஊர் இல்லையே. எங்கே இறங்கினீர்கள் என்று நன்றாக யோசித்துப் பாருங்கள்."

மூன்று மணிக்குக் காபிக்கு வரச் சொன்னார். நம் வழக்கப்படி கொஞ்சம் முன்னதாகவே போய் உதவி செய்யலாமே என்று போனால், கதவைத் திறந்த அவர் மனைவி ரெனாட்டே தலையில் ஒரு துண்டோடும் கையில் ஒரு தட்டோடும் அதிர்ந்து நின்றார். இங்கே தாமதமாகப் போனாலும் தப்பு, முன்னதாகப் போனாலும் தப்பு. மூன்று என்றால் மூன்று. என்னை வரவேற்பறையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனவர், மணி அடித்தபோது புது ஆளாக வெளியே வந்து, "வாருங்கள், வாருங்கள்" என்று அப்போதுதான் பார்ப்பதுபோலக் கைகொடுத்தார்.

நீல பிளம் பழங்கள் அடுக்கிய கேக், அதன் மேல் மலைபோல அடித்த கிரீம். அதைத் தின்றுகொண்டே டெல்மரின் கதையைக் கேட்டேன்.

அவருடைய அப்பா அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் போதகர். பிள்ளை கோயிலில் பாடி வளர்ந்தவர். ராணுவம் பிடித்து ஜெர்மனிக்கு அனுப்பியது. படைவீரர்களின் விடுதியில் பாடினார், ரெனாட்டேயைப் பார்த்தார், ஊர் திரும்பவில்லை. "அப்பா கடிதம் எழுதினார்: கோயில் பாட்டைச் சாராயக்கடையில் பாடுகிறாயாமே? நான் பதில் எழுதினேன்: இங்கே சாராயக்கடையில்தான் கூட்டம் அதிகம்."

"எங்கப்பா உங்க தட்டைப் பூட்டி வெச்சார்" என்றேன்.

"எல்லா ஊரிலும் ஒரே அப்பாதான்" என்றார்.

இந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர் மன்றங்களில் சோல் இசையை முதலில் பாடியவர் அவர்தான். அதுவரை அங்கே பீர் குவளையும் கையுமாக, தோளோடு தோள் கோத்து இடமும் வலமும் ஆடுகிற பாட்டுகள். முதல் நாள் இவர் உருகி உருகிப் பாடினால் கூட்டம் தோளைக் கோத்துக்கொண்டு ஆட முயன்று, தாளம் ஒத்துவராமல் ஒருவர் மேல் ஒருவர் விழுந்ததாம். இவரும் சூட்டிலும் பீரிலும் மேடையிலேயே முழங்காலில் சாய்ந்துவிட்டார். குழுவின் வேனை ஓட்டிய மான்ஃப்ரெட் என்பவர், வாரம் முழுக்க நிலக்கரி வெட்டிவிட்டு வார இறுதியில் வேன் ஓட்டும் மனிதர், ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வேனில் கிடந்த சாம்பல் நிறக் கம்பளியோடு ஓடிவந்து போர்த்திக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். இரண்டடி நடந்த டெல்மர் கம்பளியை உதறிவிட்டுத் திரும்ப மைக்கைப் பிடித்தார்.

"கூரை பறந்தது" என்றார் டெல்மர். "அமெரிக்காவில் பெரிய ஆட்கள் செய்கிற வித்தைதான் அது, நான் கண்டுபிடித்ததில்லை. அவர்களுடைய போர்வையில் ஜிகினா மின்னும். என்னுடையதில் பெட்ரோல் வாசனை. ஆனால் இந்தச் சுரங்கக்காரர்களுக்கு, ஒருவன் விழுந்தால் இன்னொருவன் ஓடிவருவது என்றால் என்னவென்று தெரியும். எழுந்து நின்று அழுதார்கள்."

அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரியின் முடிவிலும் மூன்று தரம்: விழுவார், மான்ஃப்ரெட் போர்த்துவார், இவர் உதறிவிட்டுப் பாடுவார். ரெனாட்டே பழைய சிவப்புத் திரைச்சீலையைக் கிழித்துப் போர்வை தைத்தார். மான்ஃப்ரெட்டுக்கு ஒரு சுரம் தெரியாது, ஆனால் சுவரொட்டியில் அவர் பெயர் டிரம்ஸ்காரருக்கு மேலே. சில இசைத்தட்டுகள் வந்தன. அமெரிக்காவில் "இவர் ஜெர்மன் பாடகர்" என்றார்கள், ஜெர்மனியில் "இவர் அமெரிக்கர்" என்றார்கள், இரண்டு பேரும் வாங்கவில்லை. பிறகு வேறு வகைப் பாட்டு வந்து கூட்டத்தை அடித்துக்கொண்டு போயிற்று. ரெனாட்டேக்காக எழுதிய கடைசி டிராம் பற்றிய பாட்டுத்தான் எங்கள் வீட்டுத் தட்டில் இருந்தது. "அதைப் பாடிய பாவத்துக்கு ஓய்வு பெறும்வரை டோர்ட்மண்டில் டிராம் ஓட்டினேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எங்காவது பாடுவாராம்.

சில வருடங்களுக்கு முன்னால் மான்ஃப்ரெட் நுரையீரல் நோயில் போய்விட்டார். அத்தோடு டெல்மரும் நிறுத்திவிட்டார்.

"ஏன் ஐயா? வேற யாராவது போர்த்தக் கூடாதா?"

"நான் விழுந்தால் அவன் வருவான் என்று தெரிந்துதான் விழுவேன், சகோதரி. இப்போது விழுந்தால் விழுந்ததுதான். இந்த வயதில் முழங்கால் வேறு."

தட்டுகளைக் கழுவ சமையலறைக்குப் போனபோது ரெனாட்டே கதவைச் சாத்தினார். "செவ்வாய்க்கிழமை அவர் தொண்டையில் அறுவை. பேச்சு வரும் என்கிறார் டாக்டர். பாட்டு வருமா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் பேனாவைத் தேடினார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அவர் குரல் வேண்டும், ஸ்டெல்லா. செவ்வாய்க்கு முன்னால் ஒரே ஒரு தரம். எப்படியாவது பாடவையுங்கள்."

நான் கேட்க வேண்டும் என்று வந்தது போய், இப்போது இந்த அம்மாளுக்காகக் கேட்டே ஆக வேண்டும் என்றாயிற்று.

வெள்ளிக்கிழமை என் முதல் சதித்திட்டம். கடையில் கீபோர்டை விரித்து, ஒத்திகை என்ற பெயரில், மேல்மாடிக்குக் கேட்கிற மாதிரி அந்த டிராம் பாட்டை முழக்கினேன். தானாக இறங்கி வந்துவிடுவார் என்று கணக்கு. கால் சத்தம் கேட்டது. வந்தது பக்கத்து வீட்டு அம்மாள், கையைக் கட்டிக்கொண்டு. மதியத்தில் எல்லோரும் ஓய்வெடுக்கிற நேரத்தில் சத்தம் போடக் கூடாதாம்; வீட்டு விதிகளை வாசலிலேயே ஒட்டியிருக்கிறார்களாம். நான் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். அவர் போகிற போக்கில், "பாட்டு நன்றாகத்தான் இருந்தது, மூன்று மணிக்குமேல் வாசியுங்கள்" என்றார். இப்படியும் ஒரு ரசிகை.

அதற்குள் செல்வராசா அண்ணைக்கு வேறு இடி. ஒவ்வொரு வருடமும் விழாவுக்கு நகராட்சியிலிருந்து ஒரு பிரமுகர் வந்து, பொன்னாடை வாங்கி, வடை சாப்பிட்டுவிட்டுப் போவார். இந்த வருடத்துப் பிரமுகர் வேறு டெர்மின், அதாவது வேறு நிகழ்ச்சி, வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். "பொன்னாடை வாங்கியாச்சு, போர்த்த ஆளில்லை. மேடையில நான் ஆருக்குப் போடுறது, மைக்குக்கோ?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். புஷ்பம் அக்காதான் சொன்னார்: "மேல்மாடி டெல்மர் அண்ணையைக் கூப்பிடுங்கோவன். இவ்வளவு காலம் எங்கட தூளைத் திண்டவர், எங்கட ஆள்தானே."

அண்ணை மேலே ஓடினார், முகம் மலர இறங்கி வந்தார். "ஓமெண்டிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. பாடச் சொல்லிக் கேக்கப்படாதாம். நான் சொல்லுக் குடுத்திட்டன்."

"ஐயோ அண்ணே! அதைப் போய் ஏன் கொடுத்தீங்க?"

"சொல்லுக் குடுத்தால் குடுத்ததுதான் தங்கச்சி. மேடையில ஆராவது 'ஒரு பாட்டு' எண்டு கேட்டால் நானே மைக்கை நிப்பாட்டுவன்." அண்ணை எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரர் என்று எனக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை. அழைப்பிதழில் இரண்டு மணி என்று போட்டிருந்தது. டெல்மரும் ரெனாட்டேயும் இரண்டு மணிக்கு வந்தார்கள். பாடசாலையின் உடற்பயிற்சிக் கூடத்தில் அப்போது நாற்காலி போடுகிற ஒருவரும், வயர் தேடுகிற நானும்தான் இருந்தோம். "நாள் மாறிவிட்டதா?" என்று ரெனாட்டே பதறினார். "இல்லம்மா, எங்க ரெண்டு மணி இப்பதான் கிளம்பியிருக்கு" என்று சமாதானம் சொன்னேன். டெல்மர் தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலி போட உதவினார். மூன்றரைக்குக் கூட்டம் வந்து நிறைந்தது. பட்டுச் சேலைகளும் மல்லிகையும் வடை வாசனையும் சேர்ந்து, வெளியே டோர்ட்மண்ட் இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று.

விளக்கேற்றினார்கள், பேசினார்கள், ஆடினார்கள், பிறகும் பேசினார்கள். ஒருவர் "சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்" என்று சொன்னபிறகு நான் ஒரு வடையும் தேநீரும் முடித்துவிட்டு வந்தேன், அவர் முடிக்கவில்லை. முன்வரிசையில் டெல்மர் கோட்டு சூட்டோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெர்மன் கோடை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மின்விசிறி என்று ஒன்று இல்லை.

கடைசியில் சிறுமிகளின் கும்மி முடிந்ததும், "சிறப்பு விருந்தினரைக் கௌரவிக்கிற நேரம்" என்று அறிவித்தார்கள். பொன்னாடை போர்த்தும்போது கீபோர்டில் கம்பீரமாக ஏதாவது வாசிப்பது எங்கள் தொழில் வழக்கம். திருச்சியில் கவுன்சிலர் முதல் கல்யாண மாப்பிள்ளை வரை எத்தனை தோளுக்கு வாசித்திருப்பேன்! விரலைத் தயாராக வைத்தேன்.

டெல்மர் மேடையேறினார். ஒரு குட்டிப் பெண் பூங்கொத்தை நீட்டினாள். அவள் உயரம் அவருடைய இடுப்புக்கும் கீழே. அவர் ஒரு முழங்காலில் மண்டியிட்டு வாங்கினார். வாங்கியவரால் எழுந்திருக்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. தலை குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அதே நொடியில் பின்னாலிருந்து செல்வராசா அண்ணை பொன்னாடையை இரண்டு கையிலும் விரித்தபடி வந்தார்.

மண்டியிட்ட மனிதர். பின்னால் துணியோடு வருகிறவர். இது போதாதா? பாடச் சொல்லக் கூடாது என்றுதான் ஒப்பந்தம். வாசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! ஆர்கன் ஒலிக்கு மாற்றி, டிராம் பாட்டின் முதல் இழுப்பை இரண்டு கையாலும் அழுத்தினேன். அவசரத்தில் கும்மிக்குப் போட்டிருந்த தாளத்தை நிறுத்த மறந்துவிட்டேன்.

ஜரிகைத் துணி தோளில் விழுந்தது. டெல்மர் அப்படியே உறைந்தார். முன்வரிசையில் ரெனாட்டே எழுந்து நின்றுவிட்டார். ஒன்றும் அறியாத அண்ணை, "எழும்புங்கோ அண்ணை, போட்டோக்கு நிக்கவேணும்" என்று தோளை அணைத்துத் தூக்கி, கைத்தாங்கலாக இரண்டடி நடத்தினார்.

டெல்மரின் தோள் ஒரு குலுக்குக் குலுக்கியது. பொன்னாடை தரையில் கிடந்தது.

கூட்டத்தில் "ஐயோ" என்றது ஒரு குரல். பொன்னாடையைக் கீழே தள்ளுவதா? நம் ஊரில் இதற்குக் கட்சியே உடையும். தவறி விழுந்ததாக நினைத்த அண்ணை, எடுத்துத் தூசி தட்டி, இந்தத் தடவை கழுத்துவரை இழுத்து இறுக்கிப் போர்த்தி, மறுபடி நாற்காலிப் பக்கம் நடத்தினார். டெல்மர் நடந்தார், தலையை ஆட்டினார், காலால் மேடையை ஓங்கி ஒரு மிதி மிதித்தார், உதறினார். பொன்னாடை போய் குத்துவிளக்குப் பக்கம் விழுந்தது. அவர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார்.

பாடினார்.

தட்டில் கேட்ட குரல் இல்லை அது. கிழிந்திருந்தது, மேலே போகிற இடத்தில் மூச்சுத்தான் போயிற்று. ஆனால் போகாத இடத்துக்கும் போயே தீருவேன் என்று போயிற்று. டக்கு டக்கென்று கும்மித் தாளம். அந்த மனுஷர் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து பாடினார். பின்வரிசை அக்காமார் தங்களுக்குத் தெரிந்த தாளம் என்று கைதட்ட ஆரம்பித்தார்கள். எனக்குக் கண் மறைத்தது. விரல்கள் தாமாக வாசித்தன. ரெனாட்டே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பாட்டின் கடைசியில் அவர் தானாகவே முழங்காலில் விழுந்தார். அந்த முழங்காலோடு! மைக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் காத்திருந்தார். யார் வருவார்?

செல்வராசா அண்ணை வந்தார். முகம் சிவந்து, "என்ன கண்டறியாத வேலை இது! என்ர மேடையில பொன்னாடை இல்லாமல் ஒருத்தரும் போக ஏலாது" என்று முணுமுணுத்துக்கொண்டு, மூன்றாவது தரமும் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். போர்த்தினார். டெல்மர் எழுந்தார், நடந்தார், உதறினார், பாடினார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. உடற்பயிற்சிக் கூடத்தின் கூரை ஏதோ தப்பித்தது.

எல்லாம் முடிந்து தேடினால், அண்ணை சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மடியில் பொன்னாடை. "மானம் போச்சுது தங்கச்சி. சனம் கை தட்டுது, ஆனால் மூண்டு தரம் தூக்கி எறிஞ்சிட்டார். நான் என்ன பிழை விட்டனான்?"

பதில் சொல்வதற்குள் ரெனாட்டே ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். "இவ ஏன் அழுகிறா?" என்று அண்ணை கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடினார். நான் மான்ஃப்ரெட் கதையை முதலிலிருந்து சொன்னேன். கம்பளி, விழுவது, போர்த்துவது, மூன்று தரம். கேட்டுவிட்டு மடியில் கிடந்த பொன்னாடையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அப்ப நான் சரியாத்தான் போர்த்தினனோ?"

"மூணு தரமும் சரியா போர்த்தினீங்கண்ணே."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். "இருந்தாலும் இந்தாள் முன்னுக்கே சொல்லியிருக்கலாம். நான் நல்ல கலர் வாங்கியிருப்பன்."

செவ்வாய்க்கிழமை அறுவை முடிந்தது. புதன்கிழமை, நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள், அண்ணையும் நானும் மருத்துவமனைக்குப் போனோம். புஷ்பம் அக்கா கொடுத்த சொதி பிளாஸ்கில். காரம் கூடாது என்பதற்காக மிளகாயில்லாமல், மனசில்லாமல் வைத்துக் கொடுத்திருந்தார். டெல்மர் வாயைத் திறக்கவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று உத்தரவு. பாட்டு வருமா வராதா என்பது தெரிய இன்னும் காலமாகும் என்றார் ரெனாட்டே. சொல்லும்போது அழவில்லை. "நான் கேட்டுவிட்டேனே" என்றார்.

டெல்மர் கட்டிலோரத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணால் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பயந்திருந்தார், அவ்வளவுதான்.

செல்வராசா அண்ணை கடைப் பைக்குள் கையை விட்டார். தோய்த்து இஸ்திரி போட்ட பொன்னாடை. கட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் போய், விரித்து, மருத்துவமனை அங்கியின் மேல் மெதுவாகப் போர்த்தினார். தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

டெல்மர் கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு அந்தத் தோள் ஒரு குலுக்குக் குலுக்கியது. பொன்னாடை சொதி பிளாஸ்கையும் தட்டிக்கொண்டு தரையில் விழுந்தது. வாசலில் நின்ற நர்ஸ் பதறி உள்ளே வந்தார்.

செல்வராசா அண்ணை குனிந்து அதை எடுத்து உதறினார்.

"பொறுங்கோ அண்ணை," என்றார், "இன்னும் ரெண்டு தரம் கிடக்கு."